குரோமுக்கு முந்திய உப்பு: பாலாற்றுப் படுகை மாசின் காரணமும் காலமும் பற்றி ஒரு மறுவாசிப்பு

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சட்டப் படிப்பில் அநேகமாக ஒரே காரணத்துக்காக எடுத்தாளப்படுகிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதையும், கேடு உறுதிப்படும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்பதையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளாக அது அறிவித்தது. நீதிபதி குல்தீப் சிங் எழுதிய அத்தீர்ப்பை இந்த இரு கோட்பாடுகளுக்காகப் படிக்கிறவர்கள், இடையிலுள்ள பத்திகளைப் பின்னணி என்று கருதித் தாண்டிவிடுகிறார்கள். அந்தப் பின்னணியோ சட்டத்தைப் பற்றியது அல்ல, வரலாற்றைப் பற்றியது. பாலாற்றுப் படுகை எதனால் கெட்டது என்ற கேள்விக்கு அதில் ஒரு விடை இருக்கிறது. அதற்குப்பின் எழுந்த கட்டுரைகளும் அறிக்கைகளும் திட்ட ஆவணங்களும் பெரும்பாலும் அந்த விடையை மறுபரிசீலனை செய்யாமல் எடுத்துக்கொண்டன. அந்த விடை முற்றிலும் தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது காரணங்களை வரிசை மாற்றி அடுக்குகிறது. அந்த வரிசை மாற்றம் தடுப்பு முயற்சிகளின் போக்கையே பாதித்தது என்பது என் வாதம்.

தீர்ப்பின் வாசிப்பு சுருக்கமாக இது. தமிழ்நாட்டில் ஐந்து மாவட்டங்களில் 900-க்கும் மேற்பட்ட தோல் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. குரோம் முறையில் தோல் பதனிட ஏறத்தாழ 170 வகை வேதிப்பொருள்கள் பயன்படுகின்றன. சோடியம் குளோரைடு, சுண்ணாம்பு, சோடியம் சல்பேட், குரோமியம் சல்பேட், அம்மோனியா, கந்தக அமிலம் ஆகியவை அவற்றுள் சில. ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்க ஏறக்குறைய 35 லிட்டர் நீர் செலவாகிறது. கழிவுநீர் மண்ணில் இறங்கி நிலத்தடி நீரைக் கெடுத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் கண்டபடி, தோல் தொழில் நடக்கும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது. இந்த அடுக்கில் சாதாரண உப்பு, குரோம் பதனிடலின் வேதிப்பொருள்களுள் ஒன்றாகத்தான் இடம்பெறுகிறது. இதனோடு 1970களின் ஏற்றுமதிக் கொள்கையைச் சேர்த்தால் வழக்கமான கதை முழுமையாகிவிடும். சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பின், 1973இல் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆலைகள் முழுத் தோலுக்கும் குரோமுக்கும் மாறின. ஆறு கெட்டது. கதை நேர்த்தியாக இருக்கிறது. என் ஐயம் அந்த நேர்த்தியிலிருந்தே தொடங்குகிறது.

உப்பு எங்கே நுழைகிறது என்று பார்த்தால் வரிசை மாறுகிறது. உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். ஆகவே அறுப்பு இடத்திலோ மண்டியிலோ அதன் மேல் உப்புத் தூவி அடுக்குவார்கள். தோலின் எடையில் 40 விழுக்காடு வரைகூட உப்பு போவது உண்டு. ஆலைக்கு வந்ததும் முதல் வேலை அந்த உப்பை நீக்குவது. தோலைத் தண்ணீரில் ஊறப்போட்டால் உப்பு கரைந்து வெளியேறும். அந்த ஊறல் நீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்குப் பல்லாயிரம் மில்லிகிராம். அதன் பிறகுதான் சுண்ணாம்புக் குழி, மயிர் நீக்கல், சதை சீவல். அதற்கும் பிறகுதான் தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் போடுவதா, குரோமியம் சல்பேட்டில் போடுவதா என்ற கேள்வியே எழுகிறது. அதாவது ஆலையின் உப்பில் பெரும்பகுதி, பதனிடும் முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே சாக்கடைக்குப் போய்விடுகிறது. குரோம் முறை தன் பங்குக்கும் உப்பைச் சேர்க்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. குரோம் ஏறுவதற்குமுன் தோலை அமிலத்திலும் உப்பிலும் போட்டுப் பக்குவப்படுத்துகிறார்கள். குரோமியம் சல்பேட் பொடியோடும் சோடியம் சல்பேட் கலந்தே வருகிறது. ஆனால் இது கூடுதல் உப்பு. ஏற்கெனவே இருந்ததன் மேல் ஏறுவது. தீர்ப்பின் பட்டியலோ இரண்டையும் ஒரே தலைப்பின்கீழ் வைத்து, முந்தியதைப் பிந்தியதன் விளைவாகக் காட்டுகிறது.

தீர்ப்புக்குள்ளேயே இதற்கு எதிர்ச்சான்று இருக்கிறது. குரோம் பற்றிய அந்தப் பகுதியை அடுத்து, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கத்து ஒன்றியங்களில் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு எடுத்த கணக்கு வருகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. வழக்கின் மிக வலுவான கிணற்றுக் கணக்கு இதுதான். ஆனால் இது பாலாற்றிலிருந்து வரவில்லை. திண்டுக்கல்லோ குரோமும் பட்டையும் இரண்டும் நடந்த ஊர். திருச்சி, ஈரோடு போலப் பழைய தாவரப் பதனிடல் நெடுங்காலம் நிலைத்த மையங்களுள் அதுவும் ஒன்று. குரோம் பதனிடலே காரணம் என்று நிறுவ, பட்டைத் தொழில் வலுவாக இருந்த ஒரு வட்டாரத்தின் கிணறுகளைச் சான்றாக நிறுத்துவது தர்க்கத்துக்கு ஒவ்வாது. நீதிமன்றத்துக்கு அந்தப் பிரிவினை தேவைப்படவில்லை. மாசு இருக்கிறது, ஆலைகள் செய்தன என்பது போதும். வரலாறு எழுதுகிறவருக்கு அது போதாது.

காலவரிசையிலும் இதே குழப்பம். குரோம் தமிழகத்துக்கு 1970களில் வந்ததல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, சென்னைக் கலைப் பள்ளியில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் குரோம் தோல் பரிசோதனைகளைத் தொடங்கிவிட்டார். அவர் அதற்குக் கண்ட பயன் செருப்போ பையோ அல்ல, கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சாலுக்கு நீரில் ஊறிக் கெடாத தோல். பின்னாளில் கிணறுகளைக் கெடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட முறை, முதலில் கிணற்று நீரை மேலே கொண்டுவருவதற்காகவே இங்கு முயலப்பட்டது. அதற்கும் முன்பாக, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே, ஆவாரம்பட்டையில் பதனிட்ட கிழக்கிந்தியத் தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து பெரும் ஏற்றுமதி நடந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரத்துத் தோல் ஷாப்புகள் அந்த வணிகத்தில் வளர்ந்தவை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவக் காலணிகளுக்கு இந்தத் தோல் போயிற்று. ஆக, பாலாற்றங்கரையில் தோலைத் தண்ணீரில் ஊறவைத்து அந்த நீரை வெளியே விடும் வேலை 1973-க்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. 1973-க்குப் பின் அளவு பெருகியது என்பதில் ஐயமில்லை. முழுத் தோல் செய்யத் தண்ணீரும் வேதிப்பொருளும் கூடுதலாகத் தேவைப்பட்டன. ஆனால் அளவு பெருகுவதும், மாசின் இயல்பே புதிதாக வருவதும் ஒன்றல்ல.

இந்த வாதத்துக்கு மிக முக்கியமான சான்று அதே தீர்ப்பில் இருக்கும் ஒரு பத்தி. ஆலைகளின் தரப்பு வழக்கறிஞர் ஓர் ஆட்சேபம் எழுப்பினார். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கரைந்த திடப்பொருளுக்கு, அதாவது டி.டி.எஸ்.-க்கு, வைத்த வரம்பு நியாயமற்றது என்றார். லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு அது. கவனிக்க வேண்டியது, ஆலைகள் குரோமியத்தின் வரம்பை எதிர்க்கவில்லை, உப்பின் வரம்பைத்தான் எதிர்த்தன. எதில் தப்ப முடியாது என்பது தொழில் செய்கிறவருக்குத் தெரியும். 1996 ஏப்ரல் 9 அன்று நீதிமன்றம் இதை ஆராயும்படி நாக்பூரிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தைக் கேட்டது. சுருக்கமாக நீரி என்று அழைக்கப்படும் அந்நிறுவனத்தின் அறிக்கை ஜூன் 11 தேதியிட்டது. வாரியத்தின் வரம்பு சரியே என்று அது கூறியது. அறிக்கையின் காரணப் பகுதியைத் தீர்ப்பு நீளமாக எடுத்துத் தருகிறது. சட்ட உரைகளில் மிகக் குறைவாகவே கவனம் பெறும் பகுதி அது.

அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். உப்பு மிகுந்த நீரின் சுவையை மக்கள் ஏற்க மாட்டார்கள். அது வயிற்றுப்போக்கை உண்டாக்கக்கூடும். கடின நீரில் சோப்பு அதிகம் செலவாகும். குளோரைடும் சல்பேட்டும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு அமைப்புகளை அரிக்கும். கொதிகலன்களில் படிவு கட்டி எரிபொருள் வீணாகும். நடுவண் அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் இதற்கு வரம்பு வகுக்கவில்லை, வட்டார நிலைமையைப் பார்த்து மாநில வாரியங்களே முடிவு செய்ய வேண்டும். இவ்வளவும் உண்மையே. ஆனால் இந்தப் பட்டியலில் பயிர் இல்லை. மண் இல்லை. பாசனம் இல்லை. நாக்கும் வயிறும் சோப்பும் சுத்திகரிப்பு அமைப்பும் கொதிகலனும் இருக்கின்றன. 35,000 ஹெக்டேர் விளைநிலம் கெட்டது என்று பேசும் அதே தீர்ப்பில், உப்பை ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்பதற்கான அறிவியல் விளக்கம் நெல்லையும் கரும்பையும் தொடவே இல்லை. நீரியின் முழு அறிக்கை வேறிடத்தில் மண்ணைப் பற்றிப் பேசியிருக்கலாம் என்ற சாத்தியத்தை ஒப்புக்கொள்கிறேன். தீர்ப்பு எடுத்துக்கொண்ட பகுதியையே நான் படிக்கிறேன். ஆனால் நீதிமன்றம் தேர்ந்தெடுத்த பகுதிதான் பின்னர் வழிகாட்டியாக நின்றது. நிலத்தின் சேதம் ஒரு பக்கத்தில், உப்பின் கட்டுப்பாடு இன்னொரு பக்கத்தில் என்று இரண்டும் தொடர்பின்றி நின்றுவிட்டன. அந்த இடைவெளியைக் குரோம் நிரப்பியது.

அதே பத்தியில் இன்னும் இரண்டு செய்திகள். ஆலைகளைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரின் தரம் பற்றிய அட்டவணைகள், 1996 ஜூன் 3 முதல் 5 வரை, உச்சக் கோடையில் எடுத்த மாதிரிகளைச் சார்ந்தவை. மூன்று நாள் மாதிரி. ஆறாம் நாள் அறிக்கை. கோடையில் கிணற்று நீர் வற்றி உப்பு செறிந்திருக்கும். மழைக்குப் பின்னான அளவோடு ஒப்பிடாமல் அந்த எண்களைக் கொண்டு ஆலையின் பங்கையும் பாறையின் பங்கையும் பிரிக்க முடியாது. என் வாதத்துக்குச் சாதகமான எண்கள் என்பதற்காக இந்தக் குறையை மறைக்கக் கூடாது. இரண்டாவது செய்தி இன்னும் விசித்திரமானது. ஆலைகளின் தனிச் சுத்திகரிப்பு நிலையங்களில் வாரியம் திரட்டிய தரவுகளைத் தரும் ஓர் அட்டவணையை நீரி சுட்டுகிறது. அங்கெல்லாம் டி.டி.எஸ்., சல்பேட், குளோரைடு மூன்றும் வரம்புக்குக் கீழே இருந்தனவாம். இதைக் கொண்டே, ஆலைக்குள் செய்யும் சீர்திருத்தமும் நன்றாக வடிவமைத்த சுத்திகரிப்பும் இருந்தால் கட்டுப்படியான செலவில் வரம்பை எட்டலாம் என்று முடிவு செய்கிறது.

இந்த அட்டவணையை நம்புவது எனக்குக் கடினம். அக்காலத்துச் சுத்திகரிப்பு நிலையம் என்பது சல்லடை, சமநிலைத் தொட்டி, வேதிப்பொருள் இட்டுப் படியவிடும் தொட்டி, காற்றூட்டி நுண்ணுயிரால் கரிமக் கழிவைச் சிதைக்கும் தொட்டி என்ற வரிசைதான். இவற்றுள் எதுவும் கரைந்த உப்பை எடுக்காது. படியவைப்பதற்காகப் போடும் சுண்ணாம்பும் படிகாரமும் கரைந்த பொருளைச் சற்றுக் கூட்டவும் செய்யும். கரைந்த உப்பைப் பிரிக்க எதிர்ச் சவ்வூடுபரவல் வேண்டும், அல்லது ஆவியாக்க வேண்டும். பச்சைத் தோலிலிருந்து தொடங்கும் ஓர் ஆலையின் நீர் இந்த வரிசை வழியே போய் 2,100-க்குக் கீழே வந்தது என்றால் அதற்கு மூன்று விளக்கங்கள்தான் எனக்குத் தோன்றுகின்றன. ஊறல் நீரைத் தனியாகப் பிரித்து ஆவியாக்கத் தொட்டிகளுக்கு விட்டிருக்கலாம். அல்லது அந்த ஆலைகள் பச்சைத் தோலே வாங்காமல், வேறிடத்தில் குரோம் ஏற்றிய நீலத் தோலை வாங்கி முடிப்பு வேலை மட்டும் செய்பவையாக இருக்கலாம். அல்லது நல்ல கிணற்று நீரைக் கலந்து அளவைக் குறைத்திருக்கலாம். மூன்றாவது உண்மையாயின் அது சுத்திகரிப்பே அல்ல. உப்பின் மொத்தம் குறையாது, நிலத்தடி நீர்தான் கூடுதலாக உறிஞ்சப்படும். எவ்வகை ஆலைகள், எந்த மாதம், எந்த இடத்தில் மாதிரி எடுத்தது என்பதைத் தீர்ப்பில் உள்ள பகுதியைக் கொண்டு முடிவு செய்ய இயலாது. இருந்தும் நீதிமன்றம் வாரியத்தின் டி.டி.எஸ். வரம்பு எல்லா ஆலைகளையும் கட்டுப்படுத்தும் என்று ஆணையிட்டது, 1996 நவம்பர் 30-க்குள் சுத்திகரிப்பு ஏற்பாட்டை முடிக்கக் கெடுவும் வைத்தது. வரம்பு சரியானது. அதை எட்டும் வழி என்று நம்பப்பட்ட கருவிதான் அந்த வேலைக்கு உரியது அல்ல.

இங்கே ஒரு வலுவான மறுப்பு வரும். குரோமியம் நஞ்சு இல்லையா, இராணிப்பேட்டையில் நடந்தது என்ன என்று கேட்கலாம். நிச்சயமாகக் கேட்க வேண்டியது. 1970களின் நடுவில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை, அங்கே லட்சம் டன்னுக்கும் மேலான கழிவைத் திறந்த வெளியில் குவித்துவிட்டுப் போனது. அதிலிருந்து கசியும் மஞ்சள் நீர் நிலத்தடியில் இறங்கியது. 2006இல் உலகின் மிக மோசமாக மாசடைந்த பத்து இடங்கள் என்று ஒரு பன்னாட்டு அமைப்பு வெளியிட்ட பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது. ஆனால் அது தோல் ஷாப் அல்ல, குரோமியத் தாதிலிருந்து வேதிப்பொருள் தயாரித்த ஆலை. அதன் கழிவில் இருந்தது ஆறிணைதிறன் குரோமியம். நீரில் எளிதில் கரைந்து நகரும், புற்றுநோய் உண்டாக்கும். தோல் பதனிடப் பயன்படுவது மூவிணைதிறன் குரோமியம். சுண்ணாம்பு கலந்த காரத்தன்மையுள்ள கழிவுநீரில் அது ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும். சகதியிலும் மேல்மண்ணிலும் தங்கும். ஆழக் கிணற்றுக்கு எளிதில் போகாது. தங்குவதால் தீங்கில்லை என்று பொருளல்ல. கால்நடை மேயும் மண்ணில் அது சேர்வது ஒரு தனிப் பிரச்சினை. ஆனால் பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிணறு உப்புக் கரித்ததற்கு அது விடை ஆகாது. இரண்டு குரோமியங்களும் ஒரே பெயரில் பேசப்பட்டதால், இராணிப்பேட்டையின் ஒரு குவியலின் அச்சம் படுகை முழுவதன் விளக்கமாக விரிந்தது.

இரண்டாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வரும். ஆற்றில் தண்ணீரே இல்லை, அதுதான் காரணம், உப்பு இயற்கையானது என்று ஆலைத் தரப்பில் சொல்லப்படுவதுண்டு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து ஏறத்தாழ 348 கிலோமீட்டர் ஓடும் பாலாற்றின் பெரும்பகுதி தமிழகத்தில்தான் இருக்கிறது. பேத்தமங்கலம் உள்ளிட்ட மேல்நிலை ஏரிகள் நீரைத் தடுக்கின்றன. 1892ஆம் ஆண்டின் சென்னை–மைசூர் உடன்படிக்கை பற்றிய சச்சரவு இன்றும் ஓயவில்லை. மணல் அள்ளல் வேறு. இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் முடிவு ஆலைகளுக்குச் சாதகமாக வராது. ஆண்டின் பெரும்பகுதி மேலே மணலும் அடியில் நீருமாக இருக்கும் ஆறு இது. அந்த அடிநீரை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டுபோவது இப்படுகையின் பழைய பாசன முறை. வெள்ளம் அடித்துப் போகாத ஆற்றில் விட்ட உப்பு கடலுக்குப் போகாது. மணலுக்குள் இறங்கி, கிணறு வழியே மேலே வந்து, வயலில் நீர் ஆவியாக உப்பு தங்கி, மீண்டும் கீழே இறங்கும். சோடியம் களிமண்ணிலுள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடிக்கும்போது மண் இறுகும், நீர் இறங்காது, வேர் மூச்சுத் திணறும். நெல்லும் கரும்பும் முதலில் தோற்கும், உவர் தாங்கும் தென்னை சில காலம் நிற்கும். ஆற்றின் வறட்சி ஆலையின் குற்றத்தைக் குறைக்கவில்லை. அந்த ஆற்றில் உப்பு விடுவது எவ்வளவு நீண்ட காலக் கேடு என்பதைத்தான் அது காட்டுகிறது.

நீரியலாளர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தின் எம். தங்கராஜன், மேல் பாலாற்றுப் படுகையில் மாசு எப்படி நகர்கிறது என்பதற்கு ஒரு கணித மாதிரி அமைத்து 1999இல் வெளியிட்டார். அவர் பின்தொடர்ந்த பொருள் குரோமியம் அல்ல, டி.டி.எஸ். கழிவு வெளியேற்றத்தைப் பாதியாகக் குறைத்தாலும், இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் நிலத்தடி நீரின் உப்பளவு பாதிக்குக் கீழே வராது என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. மாதிரி என்பதால் அதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் அது சொல்லும் காலநீளம் கவனிக்கத்தக்கது. உப்பு வெளியேற இருபதாண்டு போதாத ஒரு படுகையில், 1990களில் கண்ட உப்பு முழுவதும் 1973-க்குப் பின் வந்ததுதான் என்று கொள்ள எந்தக் கட்டாயமும் இல்லை.

அப்படியானால் எப்போதிலிருந்து? இங்கேதான் சான்று மெலிகிறது. ஓர் ஊகத்தை முன்வைக்கிறேன், அதை ஊகமாகவே கொள்ள வேண்டும். பிரிட்டிஷ் ஆட்சியில் உப்பு வரி இருந்தது. தோலுக்குத் தாராளமாக உப்புத் தூவுவது அன்று செலவு மிகுந்த வேலை. வட இந்தியாவில் தோலைக் காக்கக் காரி எனப்படும், சோடியம் சல்பேட் மிகுந்த உவர்மண் உப்பைப் பயன்படுத்தியதற்கு இந்த விலையும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். சென்னை மாகாணத்தில் மீன் கருவாடாக்கும் களங்களுக்குத் தீர்வையில்லா உப்பு வழங்க அரசே ஏற்பாடு செய்தது என்பதும், வரியோடு கூடிய உப்பு இத்தகைய தொழில்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்பதைக் காட்டும். தோலுக்கு அத்தகைய பரவலான சலுகை இல்லாத நிலையில், பாலாற்று ஆலைகள் இயன்றவரை அண்டைச் சந்தைகளின் புதுத் தோலையும் உலர்த்திய தோலையும் நம்பியிருக்கும். 1947இல் உப்பு வரி நீங்கியது. இரயிலும் பின்னர் லாரியும் தொலைதூரத் தோலைக் கொண்டுவந்தன. தொலைவு கூடக்கூட உப்பும் கூடும். இந்த வழியில் பார்த்தால், பாலாற்று உப்பின் முதல் பெருக்கம் 1947-க்கும் 1973-க்கும் இடைப்பட்ட கால் நூற்றாண்டில், பட்டைப் பதனிடல் இன்னும் பெருவழக்காக இருந்தபோதே நிகழ்ந்திருக்கும். 1973 அதன் இரண்டாம் பெருக்கம். இந்த ஊகத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியதும் உண்டு. வரி காலத்திலேயே ஏற்றுமதி பெரிதாக இருந்தது, அவ்வளவு தோலும் புதுத் தோலாக இருந்திருக்க முடியாது. ஆகவே வரி உப்பைத் தடுத்தது என்பதைவிட, கட்டுப்படுத்தியது என்பதே பொருந்தும்.

காரணத்தைத் தவறாக வரிசைப்படுத்தியதன் விளைவு தடுப்பில் தெரிகிறது. 1990களில் எழுந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நாற்றத்தையும் கரிமக் கழிவையும் குரோமியத்தையும் பெருமளவு குறைத்தன. குரோமியத்தைத் தனியே பிரித்து மீண்டும் பயன்படுத்தும் அமைப்புகளும் வந்தன. இவற்றைச் சிறுமைப்படுத்தக் கூடாது. ஆனால் வெளியேறிய தெளிந்த நீர் உப்பு நீராகவே இருந்தது. கண்ணுக்குத் தெளிந்தும் பயிருக்குக் கெட்டும் இருந்த அந்த நீர், பிரச்சினை முடிந்துவிட்டது என்ற தோற்றத்தையும் தந்தது. பின்னர் நீதிமன்ற நெருக்குதலால் எதிர்ச் சவ்வூடுபரவலும் ஆவியாக்கிகளும் வந்தன, துளிக் கழிவும் வெளியே விடாத முறை கட்டாயமாயிற்று. உப்பு அப்போதும் மறையவில்லை. பலவகை உப்புகள் கலந்த திடக்கழிவாக, வாங்குவாரின்றிக் கிடங்குகளில் சேர்ந்தது. பிரித்தெடுத்த குரோமியமோ சகதியாகத் தேங்கியது. 2015 ஜனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சகதித் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் இறந்தார்கள். கழிவை நீரிலிருந்து பிரிப்பது மட்டும் தடுப்பு ஆகாது என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று தேவையில்லை.

இதற்கு மாறாக, உப்பு நீரில் கரைவதற்கு முன்பே அதைப் பிடிக்கும் வழிகள் எளியவை, மலிவானவை, நெடுநாளாகத் தெரிந்தவை. ஊறப்போடுவதற்கு முன் தோலை மரச் சட்டத்தின் மேல் அடித்தோ, துளையிட்ட உருளையில் சுழற்றியோ உப்பை உதிர்க்கலாம். ஐக்கிய நாடுகள் தொழில் வளர்ச்சி அமைப்பின் திட்டத்தில் இங்கேயே இது செய்து காட்டப்பட்டது. ஊறல் நீரை மற்றக் கழிவுநீரோடு சேர விடாமல் தனி வாய்க்காலில் ஆவியாக்கத் தொட்டிக்கு விடலாம். குளிர்பதனத்தில் வைத்தோ, குறைந்த உப்போடு வேறு பாதுகாப்புப் பொருள் சேர்த்தோ தோலைக் கொண்டுவரலாம். அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் நீண்ட காலம் உழைத்திருக்கிறது. ஆனால் இவற்றில் பாதி, ஆலையின் வாசலுக்கு வெளியே, அறுப்பு இடத்திலும் சென்னை பெரியமேட்டுத் தோல் மண்டியிலும் தொடங்க வேண்டிய வேலை. சட்டமோ ஆலையின் கழிவுக் குழாயின் கடைசி முனையில் நின்றுகொண்டிருந்தது. குரோம்தான் குற்றவாளி என்றால் குழாயின் முனையில் நிற்பது பொருத்தமே, ஏனெனில் குரோம் ஆலைக்குள்தான் சேர்கிறது. உப்பு குற்றவாளி என்றால், தோல் ஆலைக்கு வருவதற்கு முன்பே குற்றம் பாதி நடந்து முடிந்துவிடுகிறது.

2025 ஜனவரி 30 அன்று பாலாற்று வழக்கில் உச்ச நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பு வழங்கியது. பாதிக்கப்பட்டோருக்கு அரசு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு ஆலைகளிடம் வசூலிக்க வேண்டும், கேட்டை நீக்கும்வரை பொறுப்புத் தொடரும் என்றது. கேட்டை நீக்குவது என்றால் எந்த ஆண்டின் நிலைக்குத் திரும்புவது என்ற கேள்வி உடன் எழும். அதற்கு விடை சொல்லக்கூடிய சான்று, இதுவரை தேடப்பட்ட இடங்களில் இல்லாமல் வேறிடத்தில் இருக்கலாம். காலனியக் கால நகராட்சிக் குடிநீர்ப் பரிசோதனைகளில் குளோரைடு அளவைக் குறிப்பது வழக்கம். தோல் கழிவுக்காக அல்ல, சாக்கடைக் கலப்பைக் கண்டுபிடிக்க. கிண்டி கிங் நிலையம் போன்றவை மாகாணத்துக்காகச் செய்த நீர்ப் பரிசோதனைகளில், பாலாற்றங்கரை நகரங்களின் எண்களை ஆண்டு வாரியாக அடுக்கினால், 1947-க்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்பது தெளியும். அந்த எண்கள் 1973 வரை தாழ்ந்தே இருந்தன என்று தெரிய வந்தால் என் ஊகத்தின் காலவரிசை விழும், உப்பு வரி பற்றிய பத்தியை நீக்க வேண்டியிருக்கும். உப்பு, பதனிடும் முறைக்கு முன்பே நீரில் கலக்கிறது என்ற பகுதியை அது தொடாது.